அப்பாவை லாரியில் கட்டிக்கொண்டு போன நாள்

சேலத்து ஆஸ்பத்திரியில் அண்ணன் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தியபோது நான் அப்பாவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் கண்ணாடி கீழே விழுந்து அண்ணனின் செருப்புக்கடியில் நொறுங்கியது. அப்பாவுக்குப் புற்றுநோய் இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு வைத்தியம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குத்தான் இவ்வளவும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் வீடும் வெள்ளாமைக் காடும். ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்துக்கொண்டு துடித்தவரைச் சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்திருந்தோம். மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி வீங்கியிருக்கிறது என்று உள்ளேயே சுரண்டி எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஒரு ஓரத்துல கொஞ்சமாத்தான் இருக்குதுங்க. ரொம்ப மெதுவா வளர்ற ரகம்" என்று டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "வைத்தியம்னா விதை ரெண்டையும் எடுக்கணும், இல்லைன்னா கதிர்வீச்சு, அதான் கரண்ட் வைக்கணும். ரெண்டும் இப்பத் தேவைப்படலை. மூணு மாசத்துக்கு ஒருக்காக் கூட்டிட்டு வாங்க. கை வச்சுப் பாக்கறேன், ரத்தம் எடுத்துப் பாக்கறேன். மாறிச்சுன்னா உடனே ஆரம்பிச்சிடலாம்."

"பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லித்தான் எங்கம்மா செத்தா" என்று எழுந்தவன்தான் அண்ணன்.

அவனை விலக்கியது நானல்ல. ஆபரேஷன் புண் ஆறாத அப்பா எழுந்து வந்து, அண்ணனின் தலைமுடியைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் அறைந்தார். நாற்பது வயது மகன், லாரி வைத்து ஓட்டுகிறவன், எல்லோர் முன்னாலும் உதடு கிழிந்து நின்றான். டாக்டர் போலீசைக் கூப்பிடவில்லை. குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினார்.

அம்மாவின் கதை எங்கள் வீட்டில் யாரும் பேசாத கதை. மார்பில் கட்டி வந்தபோது, அறுவடை முடியட்டும் பாக்கலாம் என்றார் அப்பா. அறுவடை முடிந்தது, பச்சிலை வைத்துக் கட்டினார்கள். கட்டி உடைந்து நாற்றமெடுத்த பிறகு பெங்களூருக்குக் கொண்டுபோனோம். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், "நீதான் கொன்ன" என்று அண்ணன் அப்பாவைப் பார்த்துச் சொன்னான். வீடு வந்ததும் அப்பா மாட்டுச் சாட்டையை எடுத்து, அவன் சட்டை கிழிந்து முதுகில் ரத்தம் கசியும்வரை அடித்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

சேலத்திலிருந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து நானும் அப்பாவும் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் அண்ணனின் லாரி நின்றது. கூட அவன் மச்சானும் இருந்தான்.

"பெங்களூருல பேசிட்டேன். எடுத்துடறாங்களாம். ஏறு" என்றான் அண்ணன்.

"என்னை எவனும் காயடிக்க வேண்டாம். போடா" என்றார் அப்பா.

இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். மச்சானின் கையை அப்பா கடித்தார். தார்ப்பாய் கட்டும் கயிற்றால் அவர் கைகளைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். நான் லாரிக் கதவை மறித்து நின்றேன். அண்ணன் தள்ளியதில் படியில் விழுந்து பல் உதட்டில் குத்தியது. லாரி கிளம்பும்போது எப்படியோ முன்பக்கம் தொற்றி ஏறி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் சேலையெல்லாம் ரத்தம்.

தர்மபுரி தாண்டி, காரிமங்கலம் வருவதற்கு முன்னால் அப்பா இரண்டு கால்களையும் தூக்கி ஸ்டியரிங்கில் உதைத்தார். அண்ணன் திருப்புவதற்குள் லாரி ரோட்டைவிட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. முன்கண்ணாடி எங்கள்மேல் கொட்டியது. மச்சானின் முன்பல் போயிற்று. அண்ணனுக்குக் காரை எலும்பு முறிந்து தோள் தொங்கியது. நெற்றி பிளந்த அப்பா, கட்டிய கைகளோடு கீழே உருண்டு எழுந்து, மண்ணில் கிடந்த அண்ணனின் விலாவில் மிதித்தார். மறுபடியும் மிதித்தார். அண்ணன் தடுக்கவில்லை. சத்தம் வராமல் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா காலை எடுத்தார்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். மறுநாள் மத்தியானம் நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்துவிட்டு, கூரையைப் பார்த்தபடியே அப்பா பேசினார்.

"உங்கம்மாளை நான் பாக்கவே இல்லைடா. பாக்கலாம்னு சொன்னனே தவிர, ஒரு நாளு அந்தக் கட்டியத் திரும்பிப் பாக்கலை. நாத்தம் வந்தப்பக்கூட மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போய்ப் படுத்தவன் நான்."

அண்ணன் அவர் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டான்: "அப்ப அந்த டாக்டரு சொல்றதும் அதேதான?"

"அவன் வரச்சொல்லி நாள் குறிச்சிக் குடுத்திருக்கறான். நான் உங்கம்மாளுக்கு எந்த நாளும் குறிக்கலை."

மூன்றாவது மாதம், தோளில் கட்டோடு அண்ணனே அப்பாவைச் சேலம் கூட்டிப்போனான். நானும் போனேன். டாக்டர் புதுக்கண்ணாடி போட்டிருந்தார். வாசலில் இரண்டு வார்டு பையன்களை நிறுத்தி வைத்திருந்தார். அப்பாவைப் பரிசோதித்துவிட்டு, அப்படியேதான் இருக்கிறது என்றார்.

"மாறினா உங்களுக்குக் கண்டிப்பாத் தெரியுங்களா?" என்றான் அண்ணன்.

"பெரும்பாலும் தெரியுங்க. தெரியாமப் போறதுக்கும் கொஞ்சம் வாய்ப்பிருக்குது. ஆனா இன்னைக்கே அறுத்தா, இவர் நடமாட்டம், சாப்பாடு, உடம்புத் தெம்பு எல்லாம் குறையறது நிச்சயம். அதனாலதான் பாத்துக்கிட்டே இருப்போம்ங்கறேன்."

அண்ணன் தலையாட்டினான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சேலம் போகும் நாள் நெருங்கினால் எங்கள் வீடு ரணகளம். ஒருமுறை அப்பா குழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ஒருமுறை அண்ணன் லாரிக் கிளீனரைக் காரணமில்லாமல் உதைத்ததில், அவன் வேலையைவிட்டே போய்விட்டான். பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அந்த வாரங்களில் என் கையில் பிரம்பு சும்மா இருக்காது. பயம் எங்களுக்கு அடியாகத்தான் வெளியே வந்தது. வேறு விதமாகப் பயப்பட எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. டாக்டர் கைகழுவிக்கொண்டு வந்து "அப்படியேதான் இருக்குதுங்க" என்று சொன்னதும் மூவரும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிடுவோம். முதலில் தனித்தனி மேஜையில். பிறகு ஒரே மேஜையில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது ஆறு மாதமானது. அறுக்க வேண்டிய நாள் வரவே இல்லை. எண்பதுகள் முடியும் தறுவாயில், ஒரு காலையில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பா மம்பட்டியோடு வாய்க்காலில் சரிந்தார். தர்மபுரி டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சடைப்பு என்றார். "புத்துநோயா இருக்குமுங்களா?" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டான். இல்லை என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார் அவர்.

சவப்பெட்டியை மாதா கோவிலுக்குத் தூக்கும் சமயத்தில், அப்பாவின் தம்பி கூட்டத்தில் யாரிடமோ சொன்னார்: "புத்துநோய வச்சிக்கிட்டு வைத்தியம் பண்ணாம வுட்டுட்டாங்க."

அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சித்தப்பாவின் வாயில் குத்தினான். கீழே விழுந்தவரின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். நாலு பேர் இழுத்தும் அவன் விடவில்லை.

"வுட்டுட்டோம்னு சொல்லாத சித்தப்பா. பாத்துக்கிட்டிருந்தோம். கடைசிவரைக்கும் பாத்தோம்."

நான்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். சித்தப்பாவின் ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் பட்டிருந்தது. உள்ளே கூட்டிப்போய் அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்து பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டான்.