பெட்ரோல் நனைந்த திரையும் வேண்டுதல் விளக்கும்

ஸ்கிரீன் துணி சுத்தம் செய்வதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈரத் துணியின் கனம் தாங்காமல் சுவரிலிருந்து கழன்று வரும் கம்பியை, ஏணிமேல் நின்றபடி தலையில் வாங்கியிருந்தால் கேட்கமாட்டார்கள். சங்கரன்கோவிலில் எனக்கு இதுதான் பிழைப்பு. வீட்டுக்கே போய் முதலில் மெஷினால் தூசியை உறிஞ்சுவேன். பின்பக்க மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தி, சாயம் போகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் நீராவி. அவசரப்பட்டால் துணி சுருங்கிவிடும். சுருங்கியதை யாராலும் இழுத்து நீட்ட முடியாது.

அன்று போன வீடு புளியங்குடி ரோட்டில் இருந்தது. வீட்டுக்கார அக்கா மட்டும்தான் இருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தகப்பனாரும் மருமகனும் கூட இருந்தார்கள். வலி விட்டு விட்டு வருகிறதாம். மகளுக்கு வலி எடுத்ததும் அக்கா பூஜை அறையில் ஒரு விளக்கை ஏற்றி வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிறந்த சேதி வரும்வரை அது அணையக் கூடாது. எண்ணெய் ஊற்ற ஆள் வேண்டுமே என்று மகளோடு போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டார். பச்சைப்பிள்ளை வரும் வீட்டில் தூசி இருக்கக் கூடாது என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“பூஜை ரூம் ஸ்கிரீனை மட்டும் நீங்க தொட வேண்டாம் தம்பி. வெளி ஆளு கை படப்படாது. அதை நானே பாத்துக்கிடுதேன்” என்றார்.

எனக்கும் சரிதான். சாமி விஷயத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

ஹாலில் ஏணிமேல் நின்று கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. வாசலில் பைக் ஏதும் நிற்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்தேன். இல்லை. வாடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பூஜை அறை ஜன்னல் இல்லாத சின்ன அறை. வாசலில் தொங்கிய திரையின் எண்ணெய்க் கறை போகவேண்டும் என்று, ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோலைப் பழந்துணியில் நனைத்து, அக்கா அறைக்குள் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் மூடியில்லாமல் தரையில் இருந்தது. முந்தானை நனைந்திருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், மணைமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் ஆவி மேலே போகாது. தரையோடு ஊர்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும். எந்த நிமிடமும் பிடிக்கலாம்.

“அக்கா, அப்படியே வெளிய வாங்க.”

“இந்தா முடிஞ்சிட்டு. வாடையா அடிக்கி? ஃபேனைப் போடுதேன்.” கை சுவிட்சுக்குப் போனது.

“சுவிட்சைத் தொடாதீங்க.” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “பொறி பறந்தா நீங்களும் இல்ல, நானும் இல்ல. வெளிய வாங்க, விளக்கை நான் அணைக்கேன்.”

“என்ன பேச்சு பேசுதீங்க? எம் மக அங்கன வலியில கெடக்கா.”

“உங்க சேலை பூராம் பெட்ரோலு அக்கா.”

அப்போதுதான் முந்தானையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “அப்பம் பூவால அமத்துதேன். வாயால ஊதப்படாது” என்று சாமி படத்திலிருந்து பூ எடுக்கத் திரும்பினார். முந்தானை விளக்குப் பக்கம் சரிந்தது.

தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். குனிந்து ஒரே மூச்சில் ஊதினேன். திரியில் மினுங்கிய நெருப்பை எண்ணெய்க்குள் விரலால் அமுக்கினேன்.

திரையையும் பாட்டிலையும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். சேலை மாற்றி வந்தவர் ஹால் தரையில் உட்கார்ந்தார்.

“ஊதிட்டியே” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு இதுதானா? ஆனால் கோபம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்? நான் ஊதிய ஊதல்தான் காரணம் என்று இவர் சாகும்வரை நம்புவார். நானும் நம்புவேனோ என்று பயமாக இருந்தது. எங்கள் ஊர் அம்மன் கோவில் பக்கமே அதிகம் போகாதவன், ஏணியைப் பிடித்தபடி கோமதித் தாயே, கோமதித் தாயே என்று முனகிக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது. அவர் தொடவில்லை. என் பக்கம் தள்ளினார்.

“ஊதினவன் நீதான. நீயே எடு.”

எடுத்தேன். மருமகன் அழுதுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. பிறகு, அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது.

“பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அத்தைட்ட சொல்லிருங்க.”

சொன்னேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவி, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பூஜை அறை வாசலில் போய் நின்றார். குச்சியை உரசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்பம் ஏத்தலாமா தம்பி?”

“வாடை இருக்குக்கா. பொறுங்க.”

என் அருகே வந்து தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

“அப்பம் வாடை போன பெறகு நீங்களே ஏத்துங்க” என்றார்.