அவள் அழித்த வரிகள்

டாக்டர் பேசுவதைக் கேட்டு அறிக்கை அடிக்கிறவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது எதை எழுதக்கூடாது என்பதைத்தான். நோயாளியைப் பார்த்து முடித்த டாக்டர் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவார். நடுவில் இருமுவார், யாரிடமோ ஜன்னலைச் சாத்தச் சொல்வார், "இடது கால்... இல்ல, வலது, ஆமா வலது" என்பார். அத்தனையையும் வடிகட்டி "வலது கால்" என்று ஒரே வரியில் தருகிறவள்தான் கெட்டிக்காரி. இந்தக் கதைக்குரிய தட்டச்சுக்காரி அப்படிப்பட்ட கெட்டிக்காரி. நாற்பத்தெட்டு வயதில் வீட்டிலிருந்தபடியே செய்ய இந்த வேலை கிடைத்தது. மூன்று வருடமாக அவள் அறிக்கைகளில் குறை கண்டுபிடிக்க முடியாமல் மேற்பார்வைக்காரிக்கே சலித்துப்போயிருந்தது.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளை ஒரு வாரம் படாத பாடு படுத்தியது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடங்களில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவர், எட்டு மாதத்துக்கு முன் ஆறடி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். முதலில் சொன்னவருக்கு அவர் சிரித்தார், பன்னிரண்டாவது ஆளுக்குச் சிரிக்கவில்லை. இப்போது கையில் ஒரு தடி. படுக்கையறைக்கும் கழிவறைக்கும் நடுவில் மட்டும்தான் நடமாட்டம். வீடு அவள் விரல்களை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விரல்களோ இணையத்தை நம்பியிருந்தன. காலையில் வரும் ஒலிப்பதிவுகள் பகல் இரண்டு மணிக்குள் அறிக்கையாகத் திரும்பவேண்டும், சாயங்கால டாக்டர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வார்டுக்குப் போவார்கள். கொஞ்ச நாளாக நடுநடுவே இணைப்பு அறுந்துபோய்க்கொண்டிருந்தது. அறுந்தால் வேலைத்தளம் அவளை வெளியே தள்ளும், பாதி அடித்த அறிக்கை காற்றோடு போகும். ஒரே மாதத்தில் மூன்று அறிக்கைகள் தாமதம். ஒரு திங்கட்கிழமை மேற்பார்வைக்காரி போன் செய்தாள். வயதில் சின்னவள், நல்லவள், ஆனால் அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"இன்னொரு தடவை ரெண்டு மணி தாண்டுச்சுன்னா பேரை எடுத்துருவாங்கக்கா. அதுக்கப்புறம் நான் சொன்னா கேக்கமாட்டாங்க."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வது? இணைய கம்பெனிக்கு அவள் ஏற்கனவே நான்கு தடவை போன் போட்டிருந்தாள். இணையப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டாள். ஒரு ஆள் நேரில் வந்தார், பார்த்தார், எல்லாம் பச்சை விளக்காக எரிகிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாவது தடவை, உங்கள் கணினியில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்றாள். "அதான் பிரச்சினை மேடம், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று வைத்துவிட்டார்கள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதையாக, பழி கடைசியில் அவள் கணினியின் தலையில் வந்து விழுந்தது.

அந்தக் கணினி அவள் தம்பி கொடுத்தது. பழசாகி மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததை, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு எழுப்பி உட்காரவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான்.

"ஓசி மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்பாங்க" என்றார் கணவர் கட்டிலிலிருந்து. "உன் தம்பி குடுத்த மாட்டுக்குப் பல்லே இல்லயே, என்னத்தைப் பிடிக்கிறது?"

"நான் கட்டிக்கிட்ட மாடு மட்டும் என்னவாம், எட்டு மாசமா கட்டுத்தறியிலயே நிக்குது" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம் தம்பியிடம் போனில் அதைவிட மோசமாகச் சொல்லியிருந்தாள். "எந்திரிச்சு நடக்கணுங்கற எண்ணமே போயிருச்சுடா அந்த மனுஷனுக்கு" என்று. சமையலறையில் நின்று சொன்னதுதான், வீடு சின்னது.

தம்பி அவளை ஒரு லினக்ஸ் பயனர் குழுவில் சேர்த்துவிட்டான். முகம் தெரியாத முந்நூறு பேர். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவர் சுத்தியல், ஒருத்தி ஆமை, இன்னொருவர் வெறும் புள்ளி. கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு, அதைக் கோபத்தோடு சொல்வது சுத்தியலுக்குக் கூடுதல் பொழுதுபோக்கு. குழுவின் தலையில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: "யூகம் வேண்டாம். கணினி சொன்னதை அப்படியே ஒட்டவும்."

அவள் பிரச்சினையைச் சொன்னதும் ஆமை இரண்டு கட்டளைகள் அனுப்பினாள். அவற்றை ஓடவிட்டால் கணினி ஒவ்வொரு வினாடியும் வீட்டிலுள்ள இணையப் பெட்டியையும், வெளியே எங்கோ தூரத்திலிருக்கும் ஒரு கணினியையும் "இருக்கியா?" என்று கேட்கும். பதில் வந்தால் ஒரு வரி, வராவிட்டால் "பதில் இல்லை" என்று ஒரு வரி, பக்கத்தில் நேரம்.

"ஒண்ணு மட்டும் அக்கா" என்று எழுதினாள் ஆமை. "போச்சுன்னா எந்திரிச்சு ஓடாதீங்க. பெட்டிகிட்ட போகாதீங்க. உக்காந்த இடத்துலயே இருங்க, அது பாட்டுக்கு எழுதட்டும்."

அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி படுக்கையறை பீரோ மேல் இருந்தது. இணைப்பு அறுந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, சாத்தியிருக்கும் கதவைத் திறந்துகொண்டு போய், முக்காலி போட்டு ஏறிப் பார்த்தால் பெட்டி பச்சை விளக்கோடு ஒன்றும் அறியாத பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். கணவர் கட்டில் ஓரத்தில் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். "என்னங்க?" என்றால் "கெட்ட கனவு" என்பார். பகலில் தூங்கினால் கெட்ட கனவு வராமல் என்ன செய்யும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரும்புவாள்.

செவ்வாய் சாயங்காலம் முதல் நாள் பதிவைத் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரிகள். அவள் கண் கூசியது. வீட்டுப் பெட்டி "இருக்கேன், இருக்கேன்" என்று ஒரே பாட்டாகப் பாடியிருந்தது, அதை மொத்தமாக எடுத்தாள். வெளிக்கணினியின் பதிவில் "பதில் இல்லை, பதில் இல்லை" என்று நூறு வரி அடுக்கியிருந்தது. டாக்டர் ஒரே சொல்லை மூன்று தரம் சொன்னால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவாளல்லவா, அப்படியே ஒன்றை மட்டும் வைத்தாள். வரிகளை நேர் செய்தாள், நடுவில் இடம் விட்டாள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அழகான அறிக்கையாக்கிக் குழுவில் ஒட்டினாள். விதியை மீறுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அழுக்குத் துணியை விருந்தாளி முன்னால் போடுவார்களா?

குழு அதைப் பார்த்தது. ஒரு வினாடிதான் பதில் இல்லை, அடுத்த வரியில் வந்துவிட்டது, ஆகவே வைஃபைதான் கொஞ்சம் திக்குகிறது என்று முடிவு கட்டியது. வைஃபையின் அலைவரிசையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினாள். மேஜையை நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தினாள். ஒவ்வொரு சாயங்காலமும் துடைத்துப் பெருக்கிய பதிவை ஒட்டினாள், ஒவ்வொரு நாளும் அவர்கள் தலையைச் சொறிந்தார்கள். வியாழக்கிழமை அறிக்கைகள் ஒன்று ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டே நிமிடம்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அதைவிட மோசம். பகல் ஒன்று இருபதுக்கு அறுந்தது லேசில் வரவில்லை. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததும் விட்டதையெல்லாம் திரும்ப அடித்து அனுப்பியபோது இரண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அன்றைய பதிவையும் சுத்தம் செய்து ஒட்டினாள்.

இந்தத் தடவை ஆமை ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, ஒரு வரியில ஒண்ணு இருபது. அடுத்த வரியில ஒண்ணு இருபத்தேழு. வினாடிக்கு ஒரு வரி எழுதணுமே. நடுவுல இருந்த ஏழு நிமிஷம் எங்க?"

"அது எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சும்மா. உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு எடுத்துட்டேன்."

பிறகு சுத்தியல் வந்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். சுத்தம் பண்ணி மறைச்சதை இப்பத்தான் பாக்கறேன்."

அவளுக்கு முகம் சுட்டது. ஐம்பது தாண்டிய வயதில் பள்ளிக்கூடப் பிள்ளையாக நின்றோமே என்று அவமானமாக இருந்தது. நல்ல வேளை, அழித்தது நகலில்தான், மூலப் பதிவுகள் கணினியில் அப்படியே இருந்தன. நான்கு நாள் பதிவையும் ஒரு வரி குறையாமல் அனுப்பினாள். அரை மணி நேரத்தில் ஆமை எழுதினாள்.

"வீட்டுப் பெட்டி ஒரு வினாடிகூடத் தவறலை அக்கா. அதனால வைஃபை மேலயும் தப்பில்ல, உங்க லினக்ஸ் மேலயும் தப்பில்ல. வெளியிலேருந்து பெட்டிக்கு வர்ற கண்ணாடி இழை ஒயர்லதான் ஏதோ. தினமும் ரெண்டு தடவை, பத்தரை வாக்குல ஒண்ணு, ஒண்ணேகால் வாக்குல ஒண்ணு. அதுவும் கூடிட்டே போகுது. பகல்ல போனதை மட்டும் பாருங்க. செவ்வாய் ரெண்டு நிமிஷம், புதன் மூணு, வியாழன் அஞ்சு, இன்னிக்கு ஏழு. சீக்கிரம் கண்டுபிடிக்கணும். அந்த நேரத்துல வீட்டுல என்ன நடக்கும்? மோட்டார் போடுவீங்களா? எதையாவது திறப்பீங்களா, மூடுவீங்களா?"

"ஒண்ணும் நடக்காதும்மா" என்று அவள் அடிக்கத் தொடங்கினாள். "நான் வேலையில இருப்பேன். அவரு கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கு"

அங்கேயே விரல் நின்றது.

வாசலிலிருந்து வந்த மெல்லிய வெள்ளை ஒயர் சுவரோரமாக ஓடி, படுக்கையறைக் கதவின் கீல் பக்கச் சந்து வழியாகத்தான் உள்ளே போயிற்று. மாட்டிக்கொடுத்தவர் சுவரில் துளை போடச் சோம்பல்பட்டு அப்படி விட்டிருந்தார். கம்பெனி ஆள் வந்து பார்த்தபோது கதவு திறந்திருந்தது. அவளே ஓடிப் பார்த்தபோதும் கதவைத் திறந்துகொண்டுதானே ஓடினாள்.

கணவர் குளிக்கப் போகும் வரை காத்திருந்தாள். அவர் தடி சத்தம் குளியலறைக்குள் அடங்கியதும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு பீரோவின் மேல் பார்த்தாள். பச்சை அணைந்தது, சிவப்பு மினுக்கியது. கதவைத் திறந்தாள். சற்று நேரத்தில் பச்சை. மறுபடி சாத்தினாள், சிவப்பு. சந்தோஷத்தில் ஆமையிடம் சொல்லத் திரும்பியவள் அப்போதுதான் கதவைப் பார்த்தாள்.

அந்தக் கதவு மற்ற நேரமெல்லாம் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். உட்புறப் பலகை சுவரைப் பார்த்திருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை, உள்ளே இருந்து சாத்துகிறவரைத் தவிர. இடுப்பு உயரத்தில், லிஃப்ட் பராமரிப்புச் சீட்டில் எழுதுவாரே அந்தச் சின்னக் கட்டையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது.

"செவ்வாய் 2. தடி இல்லாம."

"புதன் 3. விழுந்தேன்."

"வியாழன் 5. சுவரைப் பிடிச்சேன் 4 தடவை."

"வெள்ளி 7. பிடிக்கலை."

அதற்கு மேலே இன்னும் பழைய தேதிகள் இருந்தன. முதல் வரி, அவள் தம்பியிடம் போனில் பேசியதற்கு மறுநாள் தேதியிட்டது. "அரை நிமிஷம்" என்றிருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமை ஒன்றேகால் வாக்கில், நான்கு எட்டு வைக்கும் தூரத்தில் அவர் தரையில் கிடந்திருக்கிறார். அவள் "பதில் இல்லை" என்ற வரிகளை எண்ணிக்கொண்டு எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கிறாள். விழுந்தவர் கூப்பிடவில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது, இந்த மனுஷன் மேலும் தன் வாய் மேலும். குளியலறையில் தண்ணீர் நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பழையபடி சுவரோடு தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை முக்காலியில் ஏறி ஒயரை எடுத்துக் கதவின் மேலேயுள்ள காற்றுத் துளை வழியாக விட்டாள். டம்ளர் வாயைவிடச் சின்னதாக எங்கும் வளைக்காதீர்கள் என்று சுத்தியலே மரியாதையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். கணவர் தடியை ஊன்றிக்கொண்டு கீழே நின்று வேலையை மேற்பார்த்தார்.

"கிளிப்பை அவ்வளவு இறுக்கி அடிக்காதே. ஆமா, எதுக்கு இப்ப இடம் மாத்தறே?"

"கதவு சாத்தினா ஒயர் நசுங்குதுங்க. அதான் நெட்டு போய்ப் போய் வந்திருக்கு."

அவர் தடியைக் கை மாற்றிக்கொண்டார். "அப்ப உன் வேலைக்கு உலை வெச்சது நான்தானா?"

"ஒயர்தான்" என்றாள் அவள். "நீங்க சுத்தியைக் குடுங்க. இனிமே எவ்வளவு நேரம் வேணும்னாலும் சாத்திக்கலாம்."

குழுவில் ஒரு வழக்கம் உண்டு, தீர்ந்த பிரச்சினைக்குக் காரணம் எழுதிவைக்க வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். "கதவு நசுக்கிய ஒயர்" என்று எழுதினாள். சுத்தியல் விடவில்லை. "கதவுன்னா தினமும் ஒரே அளவுதானே போகணும்? ஏன் நாளுக்கு நாள் நீண்டுச்சு?"

"அந்த வரியை மட்டும் வேணும்னேதான் அழிச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்க" என்று எழுதினாள். ஆமை ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தாள்.

திங்கட்கிழமை ஒன்றரைக்கே எல்லா அறிக்கைகளும் போய்விட்டன. மேற்பார்வைக்காரி நன்றி அக்கா என்று அனுப்பினாள். இவள் பதிவைத் திறந்து பார்த்தாள், ஆயிரக்கணக்கான வரிகளில் ஓர் ஓட்டை இல்லை. யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவளுக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. கணவர் பத்தரைக்கும் கதவைச் சாத்தினார், ஒன்றேகாலுக்கும் சாத்தினார், எத்தனை நிமிடம் என்று இனிமேல் கணினி சொல்லாது.

எழுந்துபோய்ச் சாத்திய கதவின் முன் நின்றாள். திறக்கவில்லை.

"ஏங்க, இன்னிக்கு எவ்வளவு?"

உள்ளே காலடிச் சத்தம் நின்றது.

"பதினொண்ணு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடுவுல ஒரு தடவை உக்காந்துட்டேன். அதையும் எழுதிக்கோ."