ஒரு விரலில் நகரும் ஜன்னல்

எங்கள் தெருவில் எனக்குப் பக்தி அதிகம் என்று பேர். கிருத்திகை அன்று மலைக் கோயிலிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் சிலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து என் கையால் விபூதி வைக்கச் சொல்வார்கள். நானும் வைப்பேன். வைக்கும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பேர் என் அறையிலிருந்து வந்தது. காலையும் சாயங்காலமும் அங்கே சாம்பிராணி புகையும், ஜன்னல் சாத்தியே இருக்கும். சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை விடிய விடியக் கக்கும். அந்த வெக்கையிலும் ஜன்னலைத் திறக்காமல் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறாளே, பெரிய வேண்டுதலாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். என் மருமகள்கூடப் பக்கத்து வீட்டம்மாவிடம், "எங்க அத்தை ரூமு சாமி ரூமு மாரிங்க, நாங்களே உள்ள போக மாட்டோம்" என்று சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

வேண்டுதல் எதுவும் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் மற்றது விளங்காது. வயசான பிறகு எனக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. தும்மினால் போதும். கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் துணி நனைந்துவிடும். பழைய புடவைகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னே துவைத்துப் பிழிந்துவிடுவேன். துணியைத் துவைக்கலாம், மெத்தையை எப்படித் துவைப்பது? வாடை அறையிலேயே தங்கிவிட்டது. சாம்பிராணி அதற்குத்தான். சாமிக்குப் போடுகிற புகையை இதற்குப் போடுகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் மனசு குத்தும். மலை இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போடுவேன்.

ஜன்னலைத் திறந்தால் காற்றே வாடையைக் கொண்டுபோய்விடும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. திறக்கத்தான் முடியவில்லை. மரக் கதவு. ஒரு மழைக்காலத்தில் ஊறி உப்பிச் சட்டத்தோடு இறுகிக்கொண்டது. கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒரு கொக்கி. என் கட்டைவிரல் மூட்டு வீங்கின பிறகு தாழ்ப்பாளைத் தூக்கக்கூட முடியாது. முதலில் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். காலையில் சென்னை ரயிலைப் பிடிக்க ஓடுகிற அவசரத்திலும் ஒரு குத்து குத்தித் திறந்துவிட்டுப் போவான். சாயங்காலம் கொசு வரும், குரங்கு கம்பிக்குள் கையை விடும். மறுபடி சாத்த அவனே வர வேண்டும். தினமும் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதோடு, அவன் அடிக்கடி உள்ளே வருவதும் எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் வேண்டாம்பா, சாத்தியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று அவனும் விட்டுவிட்டான்.

குரங்கைப் பற்றிச் சொன்னேன். மலையடிவாரத்தில் குடியிருக்கிறவர்களுக்குக் குரங்கு அரைச் சொந்தம். ஒருநாள் மாடியில் நான் மறைவாகக் காயப்போட்டிருந்த துணி ஒன்றை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மதிலில் உட்கார்ந்துகொண்டது. தலையில் போட்டுக்கொண்டது, தோளில் போட்டுக்கொண்டது. தெருவே சிரித்தது. "புதுப் பொண்ணு முக்காடு போட்டுகினு வந்துட்டாடி" என்று யாரோ சொன்னார்கள். அது என்ன துணி என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு வாசல் தூணுக்குப் பின்னால் நின்றேன். மருமகள் ஒரு வாழைப்பழத்தைக் காட்டி அதை இறக்கினாள். துணியை எடுத்தாள், உதறினாள், நாலாக மடித்தாள், என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

போன வருஷம் முன்னறை ஜன்னலின் அடிச்சட்டத்தில் செல்லு, அதாவது கரையான், பிடித்திருப்பது தெரிந்தது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னே வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று மகன் சொன்னான். அந்தத் திருநாளுக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து என் நாத்தனார் வீட்டார் காவடியோடு வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். பெண்களை என் அறையில் படுக்கவிடாமல் ஒவ்வொரு வருஷமும் நான் விரதம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றுவது என்று ஆனதும் மரமா, பிளாஸ்டிக்கா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. மருமகள் பிளாஸ்டிக் பக்கம். செல்லு தின்னாது, பெயிண்ட் அடிக்க வேண்டாம், மழைக்கு உப்பாது என்றாள். மகன் மரம்தான் என்றான். இந்த ஊர் வெயிலுக்குப் பிளாஸ்டிக் உருகி வழியும் என்றான். அப்படியானால் தெருவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியெல்லாம் ஏன் இன்னும் வழியவில்லை என்று அவள் கேட்டாள். "நைனா பாத்துப் பாத்துப் போட்ட ஜன்னலு. அந்த எடத்துல போயி பிளாஸ்டிக்கு வெப்பியா?" என்றான். அவன் நைனா, என் வீட்டுக்காரர், இந்த ஜன்னலைப் பாத்துப் பாத்துப் போடவில்லை. யாரோ இடித்த வீட்டிலிருந்து மலிவாகக் கிடைத்தது என்று வண்டியில் ஏற்றி வந்தார். அதை நான் சொல்லவில்லை. செத்துப்போனவரைப் பற்றிப் பிள்ளை நல்லதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் அவன்தான் சொன்னான், "அம்மா இன்னா சொல்றாங்களோ அதான். அதுக்கு மேல பேச்சு இல்ல."

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினபோதும், கல்யாணம் பேசினபோதும் யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமலே பழகிவிட்டது. இப்போது போய்க் கேட்கிறார்கள், வாயைத் திறந்தால் காரணமும் சொல்ல வேண்டுமே. "பாக்கலாம்பா" என்றேன்.

பார்க்கத்தான் கூட்டிக்கொண்டு போனான். திருவள்ளூர் போகிற ரோட்டில் ஒரு கடை. வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் ஜன்னல்கள் சுவர் இல்லாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கடைக்காரர் மகனிடமும் மருமகளிடமும் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக ஒரு ஜன்னல் பக்கத்தில் நின்றேன். அதில் தாழ்ப்பாளும் இல்லை, கொக்கியும் இல்லை. விரல் வைக்க ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. வைத்தேன். கண்ணாடிக் கதவு சத்தமே இல்லாமல் நகர்ந்துபோயிற்று. மறுபடி இழுத்தேன், வந்தது. சுண்டுவிரலால் பார்த்தேன், அதற்கும் வந்தது. எவ்வளவு நேரம் அப்படிச் செய்துகொண்டிருந்தேனோ தெரியாது. திரும்பினால் கடைக்காரர் சிரித்துக்கொண்டிருக்கிறார், மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெறும் தொட்டிலை ஆட்டுகிற பிள்ளை மாதிரி மாட்டிக்கொண்டேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இன்னாமா, புடிச்சிருக்கா?" என்றான் மகன்.

கடைக்காரரும் இருக்கிறார், வேறு இரண்டு பேரும் நிற்கிறார்கள். "உன் இஷ்டம்பா" என்றேன். அவனுக்கு அது போதும். அம்மாவுக்கு இந்த மாதிரிப் புதுசெல்லாம் ஒத்துவராது, நான்தான் சொன்னேனே என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே வந்தான். ஆட்டோவில் அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "வேங்கை மரத்துல பண்ணிடலாம்மா. வள்ளிக்காக நம்ம சாமியே வேங்கையா நின்னுச்சு. உன் ரூமுக்கு அதான் பொருத்தம்." சாமி பேரைச் சொன்ன பிறகு நான் எப்படி வேண்டாம் என்பேன்? நான்தானே அந்த அறையைச் சாமி அறை ஆக்கினவள்.

வேங்கை ஜன்னல் செய்ய ஆசாரி வந்தார். அவர் வருகிற அன்று காலையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சாம்பிராணி போட்டேன். அளவெடுக்க உள்ளே வந்தவர் இருமினார். ஜன்னலைத் திறந்துதான் அளக்க வேண்டும் என்றார். தள்ளினார், அசையவில்லை. தோளால் முட்டினார். பிறகு கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை எடுத்து இரண்டு பக்கமும் தட்டினார். எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கதவு வெளிப்பக்கம் போயிற்று.

காற்று உள்ளே வந்தது. புகையை முதலில் கலைத்தது. புகை போனதும் அதற்கடியில் என்ன இருந்ததோ அது நின்றது. ஆசாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைக்கிற மாதிரி மூக்கில் வைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு எடுக்கவில்லை. மகன் வாசற்படியில் நின்றிருந்தான். அவன் ஜன்னலைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்த இடத்திலேயே நான் இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதைத் தொறந்து எவ்ளோ நாளாச்சும்மா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் தரையைப் பார்த்தேன்.

ஆசாரி நல்ல மனுஷர். பேச்சை மாற்றத்தான் சொன்னார். "கவலப்படாதீங்கம்மா. வேங்கையில இறுக்கமா பண்ணி, மேலயும் கீழயும் கொக்கி போட்டுடறேன். கொரங்கு இன்னா, கொரங்கோட பாட்டன் வந்தாலும் தொறக்க முடியாது."

"என்னாலயும் முடியாதுபா" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வாய் ஒருமுறை திறந்துகொண்டதால் மிச்சமும் வந்துவிட்டது. "எனக்கு அந்தக் கடையில பாத்ததே போடுங்க. ஒரு விரல்ல தொறக்கறது."

மகன் முகம் சுருங்கியது. "வேங்கைம்மா. சாமி மரம்" என்றான்.

"சாமி மரம் சாமிக்கே இருக்கட்டும்பா."

ஏன் என்று அவன் கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. உதடுகூடப் பிரிந்துவிட்டது. அதற்குள் சமையலறையிலிருந்து மருமகள் ஈரக் கையோடு வந்து, "அத்தைக்கு விரலு மூட்டு வலிங்க. கடையிலயே நான் பாத்தேன், சுண்டு வெரல்ல தள்ளிப் பாத்துகினு இருந்தாங்க. நீங்கதான் கேக்கல" என்றாள். மகன் வெளியே போனான். ஆசாரி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, பிளாஸ்டிக் கதவைக் குரங்கு ரெண்டே நாளில் கத்துக்கும், அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டு முன்னறையை அளக்கப் போனார். முன்னறைக்கு வேங்கை, எனக்குப் பிளாஸ்டிக் என்று முடிவாயிற்று.

மாட்டுகிற ஆட்கள் வந்த அன்று தூசி படும் என்று மருமகள் என் மெத்தையைச் சுருட்டி வெளியே கொண்டுபோனாள். நான் தடுக்கப் போனேன், அதற்குள் தூக்கிவிட்டாள். சாயங்காலம் கட்டிலில் புது மெத்தை இருந்தது. அதன் மேல் தடித்த ரெக்சின் உறை, அதற்கு மேல் என் பழைய விரிப்பு. "பழசுல பஞ்சு கட்டி கட்டியா ஆயிடுச்சு அத்தே. இந்த ஒறை போட்டா தூசி ஏறாதாம்" என்றாள். தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை.

தூசிக்கு யாரும் ரெக்சின் போட மாட்டார்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்தது. மதிலிலிருந்து குரங்கு போட்ட துணியை அவள் கையால் எடுத்து மடித்தாளே, ஈரம் காய்ந்த துணியில் கறை தெரியாமலா இருந்திருக்கும்? சாமி ரூம், யாரும் உள்ளே போக மாட்டோம் என்று தெருவெல்லாம் சொன்னாளே, அது யாருக்காகச் சொன்னது? நாத்தனார் வீட்டுப் பெண்கள் வந்தபோதெல்லாம், அத்தைக்கு விரதம் என்று நான் சொல்லி முடிக்கும் முன்னே அவர்கள் பாயை எடுத்துத் தன் அறையில் விரித்தவள் அவள்தானே.

நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அன்று தோன்றியது வெட்கம்தான். மறைத்துவிட்டோம் என்று நான் நினைத்திருந்த நாளெல்லாம் அவள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று அவள் சோறு போட்டபோது நிமிர முடியவில்லை. குழம்பு போதுமா அத்தே என்று கேட்டாள். கையைத் தட்டின் மேல் நீட்டிக் காட்டினேன்.

இப்போது காலையில் எழுந்ததும் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து நகர்த்துகிறேன். காற்று வருகிறது. ஆசாரி சொன்னது பொய்யில்லை, குரங்கும் கற்றுக்கொண்டது. வெளியிலிருந்து நகர்த்திக் கம்பிக்குள் கையை விட்டுத் துழாவும், ஒன்றும் கிடைக்காமல் என்னை முறைக்கும். சாம்பிராணி போடுவதை நிறுத்திவிட்டேன். சாமிக்கு வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு ஊதுபத்தி.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் பக்கத்து வீட்டம்மா என் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு கேட்டார்கள். "இன்னாம்மா, இப்பல்லாம் சாம்பிராணி வாசனையே காணோம். வேண்டுதலு முடிஞ்சிடுச்சா?"

உள்ளே மருமகள் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். "ஆங், முடிஞ்சிடுச்சுங்க" என்று அவளே பதில் சொன்னாள்.

எனக்கு முகமெல்லாம் சூடாயிற்று. சாத்திவிடலாம் என்று கை ஜன்னலுக்குப் போனது. ஒரு விரல் போதும், சாத்துவதும் அவ்வளவு சுலபம்தான். மருமகள் ஈர விரிப்பைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். விரலை எடுத்துவிட்டேன்.