ஆவியில் இளகிய பிடில்

பகலில் பனியன் கம்பெனியில் பண்டல் கட்டுவேன். மாலையில் கல்யாணக் கச்சேரிகளில் பிடில் வாசிப்பேன். வாசிப்பே பிழைப்பாகிவிடாதா என்பதுதான் என் ஏக்கம்.

சென்ற வைகாசியில், ரேடியோவில் எல்லாம் பாடுகிற ஒரு பாடகர் குன்னத்தூர்க் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார். “வாசிப்புப் பிடிச்சுதுன்னா இந்த முகூர்த்த சீசன் பூரா நீங்கதானுங்க” என்றார்.

வேலை விட்டதும் அப்படியே பஸ் ஏறலாம் என்று பிடிலைக் காலையிலேயே கம்பெனிக்கு எடுத்துப்போனேன். மெஷின் பக்கம் வைத்தால் பஞ்சு அடையுமே என்று பயந்து, துணிக்கு ஆவி காட்டும் அறையில் பெட்டியோடு ஆணியில் மாட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்!

மேடையில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தேன். பிடிலின் கழுத்து கழன்று அப்படியே மடங்கிவிட்டது. நாள் முழுக்க ஆவியில் வெந்து பசை இளகியிருக்கிறது. பந்தலில் சிரிப்பு. பாடகர் திரும்பி, “ஏனுங்க, உங்களுக்குப் பனியன் வேலையே போதுமுங்களே?” என்றார். மிருதங்கத்தை மட்டும் வைத்துப் பாடி முடித்தார். பிறகு கூப்பிடவே இல்லை.

பிடிலை ஆசாரி ஒட்டிக் கொடுத்துவிட்டார். என்மேல் எனக்கே வந்த ஆத்திரம்தான் ஆறவில்லை. பசையில் நிற்கிற சாமான் என்று எனக்கே தெரியாதா?

இப்போது கச்சேரி நாளில் கம்பெனிக்குப் போவதே இல்லை. மறுநாள் மேஸ்திரி, “உடம்பு செரியில்லீங்களா?” என்று கேட்பார். முன்பானால் தலையாட்டியிருப்பேன். இப்போது, “நான் பிடில்காரனுங்க. நேத்துக் கச்சேரி” என்று சொல்லிவிடுகிறேன்.