அப்பாவுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்த மாமா

என் அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பங்களாதேஷ் சண்டையில் போய்விட்டது. ஆனால் புதூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருந்தது. பூனா ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டைக்காலை மாட்டி, மேலே பேன்ட் போட்டுக்கொண்டு அவர் தெருவில் நடந்தால், ரெண்டு காலும் உள்ள என் தாய்மாமாவைவிட நேராக நடப்பார். மழை பெய்தால் மட்டும் கரிசல் காட்டிக்கொடுத்துவிடும். சகதி அந்தக் காலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் மழை அபூர்வம் என்பதால் அப்பாவின் மானம் பெரும்பாலும் தப்பித்தது.

ஊரில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கோவில்பட்டி ஹாஸ்டல். இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ். அது விடிவதற்கு முன்னால் வந்து பெண்பிள்ளைகளை வேலைக்கு அள்ளிக்கொண்டு போகும். என் கூட்டாளிகள் பலர் அதில் ஏறிவிட்டார்கள். கால் கை போன பட்டாளத்தாரின் பிள்ளைகளுக்குப் படிக்க உபகாரச் சம்பளம் உண்டு என்று தபால்காரர் சொல்லித்தான் அப்பா மனுப் போட்டார். அதிகாரி கோவில்பட்டி பயணியர் விடுதிக்கு வருவார், ஆள் நேரில் வந்து ஊனத்தைக் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி போயிற்று.

“இவிய நடக்க நடையப் பாத்தா எந்த ஆபீசரு நம்புவாரு?” என்று மாமாவிடம் புலம்பினாள்.

மாமா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கோயில் கொடை நாடகங்களில் வாயில்காப்போன் வேஷத்துக்கு மேலே அவரை யாரும் உயர விட்டதில்லை. ஆனாலும் நடிப்பென்றால் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய நினைப்பு.

கதிரடிக்கும் களத்தில் பயிற்சி தொடங்கியது. “அத்தான், இங்கன பாருங்க. இடுப்பை இப்படி ஒடிக்கணும். காலை இழுத்து இழுத்து வைக்கணும். நடுவுல ஒருக்கா முனங்கணும்.”

ரெண்டு காலும் உள்ளவர் நொண்டிக் காட்ட, ஒரு கால் இல்லாதவர் கையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்டார். அப்பா ரெண்டு எட்டு ஒழுங்காக நொண்டுவார். மூன்றாவது எட்டில் தோள் நிமிர்ந்து, கை வீச்சு வந்து, குடியரசு தின அணிவகுப்பு ஆகிவிடும்.

“கால்லதான் ஏதோ கோளாறு அத்தான், சரியா நொண்ட மாட்டேங்கு” என்றார் மாமா.

“மாப்ளே, நொண்டாம நடக்கதுக்குத்தான் பூனாவுல மாசக்கணக்குல என்னைய வதைச்சாவ. இப்ப நீ நொண்டச் சொல்லுத.”

“பிள்ள படிப்புக்குத்தான அத்தான்.”

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நொண்ட ஆரம்பித்தார்.

அதிகாரி வரும் நாளில் அம்மாவும் நானும் கூடப் போனோம். கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து, அப்பாவுக்கு ஞாபகப்படுத்துவதற்காக மாமாவும் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு வந்தார். போகப் போக வேஷத்தில் ஊறிவிட்டார். பயணியர் விடுதி வராந்தாவில் அவரைப் பார்த்த பியூனுக்கு மனம் இளகி, “உக்காருங்க அண்ணாச்சி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் நடிப்புக்குக் கிடைத்த மரியாதையை மாமாவுக்கு வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

அதிகாரி பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மீசையைக் கண்டதும் அப்பா களத்துப் பாடத்தையெல்லாம் மறந்தார். பூட்ஸ் இரண்டும் டக்கென்று சேர்ந்தன, சல்யூட் பறந்தது. அதிகாரி பதில் சல்யூட் அடித்துவிட்டு, நாற்காலியில் இருந்த மாமா பக்கம் திரும்பினார்.

“எந்த ரெஜிமெண்ட்?”

மாமா சட்டென்று எழுந்து நின்றார். அவருக்கு மனப்பாடமான வசனம் ஒன்றே ஒன்றுதான். “உத்தரவு மகாராஜா” என்றார்.

“காலைக் காட்டுங்க.”

மகாராஜா உத்தரவைத் தட்ட முடியுமா? மாமா வேட்டியைத் தூக்கினார். உலக்கை போல ரெண்டு கால்கள்.

“கவர்மெண்டை ஏமாத்த வந்தீங்களா?” என்று அதிகாரி எங்கள் பைலை மூடினார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் காதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“சார், போன கால் என்னுது” என்றார் அப்பா.

மாமா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து பேன்டைச் சுருட்டினார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் காலைக் கழற்றுவார். அம்மாவைத் தவிர நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வார்களை அவிழ்த்து, பாலீஷ் போட்ட பூட்ஸோடு அந்தக் காலை அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். பிறகு மேஜையைப் பிடித்து எழுந்து, பிடியையும் விட்டு, ஒற்றைக் காலில் விறைப்பாக நின்றார். அதிகாரியும் எழுந்து நின்றுவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அப்பா ஆடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேறு யாருடைய அப்பாவால் இப்படிச் செய்ய முடியும்?

உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ந்தேன். ஆனால் வருஷா வருஷம் ஆளை மறுபடி காட்ட வேண்டும் என்று விதி. இடையில் கால் முளைத்துவிடுமோ என்று சர்க்காருக்குச் சந்தேகம் போலிருக்கிறது. அதிகாரிகள் மாறினார்கள், அப்பா ஒவ்வொருவர் மேஜையிலும் காலைக் கழற்றி வைத்தார். மாமாவை மட்டும் அப்புறம் அழைத்துப் போகவில்லை.

முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கிளப்புக் கடையில் பூரி கிழங்கு. ரெண்டு தட்டு வரும். “பசிக்கல தாயி” என்று அப்பா தன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிப்பார். ஹாஸ்டல் சோற்றில் காய்ந்துகிடந்த நான் ரெண்டையும் காலி செய்வேன். அந்த ஒரு நாளுக்காக வருஷம் பூராவும் காத்திருப்பேன்.

பள்ளிப்படிப்பு முடிகிற வருஷம், இனி வரவேண்டியதில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். கிளப்பில் உட்கார்ந்ததும் எனக்கு நிஜமாகவே துக்கம் பொங்கியது.

“இனிமே இப்படி வர முடியாதேப்பா” என்றேன்.

“ஆமா தாயி, இனிமே வர வேண்டாம்” என்றார் அப்பா.

தன் தட்டை இழுத்துவைத்து ஒரு பூரி விடாமல் சாப்பிட்டார். இன்னொரு தட்டும் கொண்டுவரச் சொல்லி அதையும் சாப்பிட்டார். அப்பாவுக்குப் பூரி இவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.