முனியாண்டி நிறுத்திய மெயில்

நேற்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் யாரோ தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளை விறகாக எரித்தார்கள். ஒரே தார் வாசனை. எனக்கு இருமல் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமும், அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த சின்ன ஸ்டேஷனும்.

ஸ்டேஷன் என்று சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு, யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர், காதுவரை இறங்கும் தொப்பியோடு போர்ட்டராக நான். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், ரயில் லைன் போட்ட நம் ஆட்கள் நட்டுவைத்த முனியாண்டி சிவப்புத் துணி கட்டி நிற்பார். கிள்ளான் மெயில் எங்களிடம் நிற்காது. ஆனாலும் அதன் டிரைவர், தஞ்சாவூர்க்காரர், சாமிக்கு ஒரு விசில் கொடுக்காமல் போனதில்லை. காலை வெயில், ரப்பர் பால் வாசனை, அந்த விசில்... இப்போது நினைத்தால் எல்லாம் அரைத் தூக்கத்தில் பார்த்தது போல இருக்கிறது.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கைவிரித்துவிட்டார். அடுத்து வருவது மெயில்தான். சிவப்புக் கொடியைக் கேட்டு மாஸ்டரிடம் கெஞ்சினேன். லைன் உடைந்தாலொழிய அதைக் காட்டக்கூடாது, காட்டினால் இருவருக்கும் வேலை போய்விடும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரியை நான் குறை சொல்ல மாட்டேன், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

பெஞ்சில் என் மனைவியைத் தாங்கிக்கொண்டிருந்த அவள் அக்கா எழுந்தாள். நேரே போய்ச் சாமியின் துணியை உருவினாள்.

"கொடி ஒங்களுது மாஸ்டர். இது சாமியோடது. சாமிய யாரு வேலைய விட்டு நிறுத்தப் போறா?"

தண்டவாளத்தின் நடுவில் நின்று வீசினாள். மெயில் நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு ரயில்வே துரை விசாரித்தபோது, முனியாண்டி நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன் என்று டிரைவர் சாதித்துவிட்டாராம். துரைதான் என்ன செய்வார், சாமியைக் கூப்பிட்டு விசாரிக்கவா முடியும்?

தாயும் மகளும் பிழைத்து வந்தார்கள். சாமிக்குப் புதுத் துணி கட்டினோம். அதற்குப் பிறகு அந்த டிரைவர் விசில் கொடுக்கும்போதே தலையையும் வெளியே நீட்டுவார்.

"புள்ள சொகமா?"

என் மனைவி மகளை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுவாள். அதுதான் பதில். அதற்குள் வண்டி போய்விடும்.

தோட்டத்துக்கு லோரி போகிற ரோடு வந்தது. ஸ்டேஷனை மூடுகிறோம் என்றார்கள். கடைசி நாள், நன்றாக வளர்ந்துவிட்ட மகளை என் மனைவி தம் கட்டித் தூக்கினாள். வந்தவன் புது டிரைவர். பழையவர் ஊருக்குக் கப்பலேறியது எங்களுக்குத் தெரியாது. விசில் இல்லை, தலையும் நீளவில்லை. வண்டி மறைந்த பிறகும் அவள் பிள்ளையை இறக்கவில்லை.