ஹெல்மெட்டைக் கழற்றாமல் கடற்கரைக்குப் போன ஞாயிறு

ஜப்பானைச் சுனாமி தாக்கிய அந்த மார்ச் மாதத்தில் நடந்தது இது. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் புரோத்ராபூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பேனா பிடித்தது அவள், தூக்கம் கெட்டது எனக்கு.

அந்த வீட்டுக்கு எப்படி வந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் நாங்கள் ஜங்லிகாட்டில் குடியிருந்தோம். பூமி ஆடிய அந்தக் காலையில், பத்து வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஓடினேன். என் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்குள் கடல் நுழைந்து, போகும்போது பாதிச் சாமானை எடுத்துக்கொண்டு போனது. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அன்றைக்கு ஓட ஆரம்பித்த கால் எனக்கு நிற்கவே இல்லை.

வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் "இங்கிருந்து கடல் தெரியுமா?" என்று கேட்பேன். பாவம், கடல் பார்க்க ஆசைப்படுகிறான் என்று வீட்டுக்காரர்கள் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டுவார்கள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். கடைசியில் புரோத்ராபூரில் ஒருவர், "மன்னிச்சுக்கங்க, தென்னந்தோப்பு மறைக்குது. ஒரு சொட்டுக் கடல் தெரியாது" என்று வருத்தப்பட்டார். நின்ற இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன்பெல்லாம் எங்களுக்கு ஞாயிறு என்றால் கடல்தான். மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீர்வரை போவேன். முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்து அவளுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். 2004-க்குப் பிறகு நானும் போகவில்லை, அவளையும் விடவில்லை. தீவில் குடியிருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் ஆறு வருடம் ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். பஸ்ஸில்கூட கடல் தெரியாத பக்கத்து ஜன்னலாகப் பார்த்துத்தான் உட்காருவேன்.

வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராகத் தொங்கும். டார்ச், சர்டிபிகேட்டுகள், பிஸ்கட் பாக்கெட்டுகள். சனிக்கிழமைதோறும் மகளோடு படிக்க இரண்டு பேர் வருவார்கள்: ஒரு பெங்காலிப் பெண், ஒரு தெலுங்குப் பையன். அவர்கள் போன பிறகு பையைத் திறந்தால் டார்ச்சும் சர்டிபிகேட்டும் மட்டும் பத்திரமாக இருக்கும்.

அந்த மூன்று பேரும் படித்த அழகைச் சொல்ல வேண்டும். மடியில் கணக்குப் புத்தகம், எதிரே சத்தம் குறைத்த டிவியில் உலகக் கோப்பை கிரிக்கெட், கையில் செல்போன். விக்கெட் விழுந்தால் சூத்திரம் பாதியில் நிற்கும். ஜப்பான் படங்கள் வந்த வாரத்தில் மட்டும் கிரிக்கெட்டை யாரும் கேட்கவில்லை. வீடுகள் மிதந்துபோவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய்ப் பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது மகள், "அப்பா, அங்கேயும் பசங்களுக்கு எக்ஸாம் இருந்திருக்கும்ல?" என்றாள். நான் அவள் தட்டில் ரசம் ஊற்றினேன்.

அடுத்த வாரம், நிலா பூமிக்கு ரொம்பக் கிட்ட வரப்போகிறது, அதனால் மறுபடியும் பூகம்பம் வரும் என்று ஊரெல்லாம் எஸ்எம்எஸ் பறந்தது. நான் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு மகளிடமும் காட்டினேன்.

"அப்பா, கிட்ட வந்தா தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி ஏறும், ஜாஸ்தி இறங்கும். பஸ். டென்ஷன் மத் லோ" என்றாள். அவ்வளவுதான், பதற்றப்படாதே என்று ஹிந்தியில் அர்த்தம். எங்கள் தீவுப் பிள்ளைகளின் தமிழ் அப்படித்தான் இருக்கும். அதோடு விட்டிருக்கலாம். "நாளைக்கு ஹோலி. கலர் ஆடிட்டு நாங்க மூணு பேரும் வண்டூர் பீச்சுக்குப் போறோம். செவ்வாய்க்கிழமை மேத்ஸ், அதுக்குள்ள ஒரு ரவுண்டு முடிச்சாச்சு. ப்ளீஸ்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏங்க, ஜூன்ல காலேஜுக்குக் கப்பல் ஏறிடுவா. மெயின்லாண்டுல யாராவது 'நீ அந்தமானாச்சே, நீச்சல் தெரியுமா'ன்னு கேட்டா என்ன சொல்லுவா? 'எங்கப்பாவுக்கு ஓடத் தெரியும்'னா?"

நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டேன். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மேட்டைப் பார்த்து உட்கார வேண்டும். ஓடுகிற மாதிரி ஷூ போட வேண்டும்.

"இதுக்கு பீச் படம் போட்ட காலண்டரைப் பாத்துட்டு இருக்கலாமே" என்றாள் மகள்.

ஞாயிறு மதியம் அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். பின்னாலேயே போக மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். அதனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பினேன். வழியில் சிப்பிகாட்டில் முன்பு வயலாக இருந்த இடங்களில் 2004-லிருந்து உப்புத்தண்ணீர்தான் நிற்கிறது. அதைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால், ஸ்கூட்டர் ஓட்டுவது நானாக இருந்தேன்.

வண்டூர் மணலில் 2004 சுனாமியில் சாய்ந்த பெரிய மரங்கள் வெளுத்துப்போய்க் கிடந்தன. ஒரு மரத்தின் வேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முகம் தெரிந்தால் மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கடற்கரையில் ஹெல்மெட்டோடு ஒளிந்திருக்கும் ஆளைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

மகளைத் தேடினேன். ஹோலி முடித்து உப்புத்தண்ணீரில் கலரைக் கழுவ ஊரே வந்திருந்தது. அத்தனை முகங்களும் ஊதா. பெற்ற மகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சரி, கடல் பக்கம் பார்ப்போம் என்று ஆறு வருடத்துக்குப் பிறகு கடலைப் பார்த்தேன்.

கடலைக் காணோம்.

தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மணலும் பாறையும் கிடந்தன. குட்டைகளில் சின்ன மீன்கள் துள்ளின. எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அலை வருவதற்கு முன்னால் கடல் இப்படித்தான் உள்ளே போகும் என்று 2004-ல் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மகள் முந்தின நாள் சொன்ன நிலாவும் ஏற்ற இறக்கமும் அந்த நிமிடம் தலையில் இல்லை.

"பாகோ, பானி ஆ ரஹா ஹை" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஓடுங்கள், தண்ணீர் வருகிறது என்று ஹிந்தியில் கத்தியதெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி என் காதைத்தான் அடைத்தது. மஞ்சள் சுடிதாரில், என் மகள் உயரத்தில் ஒரு ஊதாப் பெண் நின்றாள். மகள் காலையில் போட்டிருந்ததும் மஞ்சள்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

"அங்கிள், சோடியே! மங்கல்வார் கோ மேரா எக்ஸாம் ஹை" என்று அந்தப் பெண் அலறினாள். விடுங்கள், செவ்வாய்க்கிழமை எனக்குப் பரீட்சை.

ஒருவன் தன்னைக் கடத்திக்கொண்டு போகும்போதும் பரீட்சையை நினைக்கிற பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அப்படித்தான். ஆனால் என் மகள் என்னை அங்கிள் என்று கூப்பிட மாட்டாளே.

கையை விட்டுவிட்டேன். யாரோ பெற்ற பெண்ணை மேட்டில் ஏற்றிவிட்டு, என் பெண்ணைக் கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே எழுதினேன், இந்த ஒரு வரியில் மட்டும் இப்போதும் கை நிற்கிறது. ஜங்லிகாட்டில் அவள் என் இடுப்பில் இருந்தாள். இங்கே எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

திரும்பிக் கீழே ஓடப் பார்த்தேன். கலர் பூசிய நான்கைந்து இளைஞர்கள் வழியை மறித்தார்கள். "கோன் ஹை பே தூ?" யாரடா நீ என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். "மேரி பேட்டி, மேரி பேட்டி" என்றேன். என் மகள், என் மகள். எல்லோரும் மஞ்சள் சுடிதாரைப் பார்த்தார்கள். அவள் இல்லவே இல்லை என்று தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இன்னொரு மஞ்சள் சுடிதார் வந்தது.

"யே மேரே பப்பா ஹை", இவர் என் அப்பா என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினாள். "அப்பா, முதல்ல மூச்சு விடுங்க."

"தண்ணி உள்ள போயிருச்சும்மா."

"பௌர்ணமிப்பா. நேத்தே சொன்னேன்ல? சாயங்காலம் திரும்பி வந்துடும்."

சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்துக்கொண்டான். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தத் தீவில் 2004-ல் அப்படி ஓடியவன் நான் மட்டுமில்லையே. ஒருவன் என் தோளைத் தட்டி, "ஹோதா ஹை, அங்கிள்" என்றான். அப்படித்தான் ஆகும்.

மகள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் இவளிடம் எந்த ஸ்கூல் என்று விசாரித்தாள். இரண்டு நிமிடத்தில் இரண்டு பேரும் இன்டெக்ரேஷன் எத்தனை மார்க்குக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடத்தியவனான நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மகள் என் ஹெல்மெட்டைக் கழற்றித் தெலுங்குப் பையனிடம் கொடுத்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த ஊதாவைத் தொட்டு என் மூக்கில் தடவினாள். கையைப் பிடித்து அந்த ஈர மணலில் நடக்க ஆரம்பித்தாள். "நான் மேட்டுலயே இருக்கேனே" என்றேன்.

"வாங்கப்பா. உங்ககூட ஒரு தடவை வரணும்னுதான் இருந்துச்சு. கூப்பிட்டா வர மாட்டீங்க. அதான் ஃப்ரெண்ட்ஸோட வந்தேன்" என்றாள். சிறிது தூரம் நடந்த பிறகு, "நீங்க பின்னாடியே வருவீங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

வெள்ளைக் கோடுவரை போனோம். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது பின்வாங்கினேன், அவள் விடவில்லை. அது மெதுவாக ஏறியது, நாங்கள் மெதுவாகப் பின்னால் நடந்தோம். கோயம்புத்தூர் காலேஜில் இடம் கிடைக்குமா என்றாள். கிடைக்கும் என்றேன். கிடைக்கக் கூடாது என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். முழங்காலளவு தண்ணீரில் ஒரு தடவை மல்லாந்து படுத்தாள். பழைய பழக்கத்தில் என் கை தானாக அவள் முதுகுக்குக் கீழே போனது. அவளுக்கு அது தேவைப்படவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை.

இடம் கிடைத்தது. ஜூனில் கப்பல் ஏறினாள். இப்போது ஹைதராபாத்தில் வேலை. வருடத்துக்கு ஒரு முறை விமானத்தில் வருவாள். பாதி லீவு சொந்தக்காரர்கள் வீட்டில் போய்விடும், மீதியில் மழை பெய்யும். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டூருக்குப் போய்க் கணுக்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், ஷூ போட்டுக்கொண்டுதான் போகிறேன். நான் பயந்து ஓடிய அந்த ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை யாராவது திருப்பிக் கொடுத்தால், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன், அவள் மிதந்துகொண்டிருக்க, முதுகுக்குக் கீழே சும்மா ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.